வர்ஜீனியா வுல்ஃப்: நதிக்கரையில் தொடங்காமல் அவரைப் பேச முடியாதா?

மயூர் விகார் வாசகி எழுதியது:

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடிய வாசிப்பு வட்டத்தில், ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் 'டு தி லைட்ஹவுஸ்' நாவலைப் பேசுவதாக இருந்தோம். வந்திருந்த பதினொரு பேரில் ஒன்பது பேர் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்கினார்கள்: அவர் மூழ்கித் தற்கொலை செய்துகொண்ட 1941 மார்ச் 28, ஊஸ் நதி, மேலங்கிப் பையில் கல். நாவலுக்கு வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, பேசப்படாத அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது.

ஐம்பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்து, ஒன்பது நாவல்களையும் நூற்றுக்கணக்கான கட்டுரைகளையும் எழுதி, ஒரு பதிப்பகத்தையும் நடத்திய ஒருவரை அவருடைய கடைசி அரைமணி நேரத்தைக் கொண்டே நாம் ஏன் அறிந்துகொள்கிறோம்? ஆண் எழுத்தாளர்களில் தற்கொலை செய்துகொண்டவர்கள் பலர் உண்டு. அவர்களைப் பற்றிய பேச்சு எழுத்தில் தொடங்கி மரணத்தில் முடிகிறது. இவரைப் பற்றிய பேச்சு மட்டும் மரணத்தில் தொடங்கி, எழுத்துக்கு வராமலேயே நின்றுவிடுகிறது. தமிழில் வாசிக்கும், தமிழில் எழுதும் நமக்கு இவர் விட்டுச் சென்றது என்ன என்பதை இந்த இழையில் பொறுமையாகப் பேச வேண்டும் என்று விரும்புகிறேன்.

முனிர்க்கா ஆய்வு மாணவன் எழுதியது:

அம்மா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் மரணத்தை விலக்குவதாக நினைத்துக்கொண்டு நோயையும் விலக்கிவிட்டால், அவருடைய எழுத்தின் பாதியை நாம் இழந்துவிடுவோம்.

1882இல் லண்டனில் பிறந்தவருக்குப் பதின்மூன்று வயதில் தாய் இறந்தார். இரண்டு ஆண்டுகளில், தாயின் இடத்தில் நின்ற ஸ்டெல்லா என்ற அக்காவும் இறந்தார். 1904இல் தந்தை. 1906இல், கிரேக்கப் பயணம் முடிந்து திரும்பிய அண்ணன் தோபி, டைபாய்டு காய்ச்சலில் இருபத்தாறு வயதில் போய்விட்டார். தாயின் முதல் திருமணத்தில் பிறந்த அண்ணன்மார் இழைத்த பாலியல் கொடுமையைப் பற்றிப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். மனநோய் அவரை மீண்டும் மீண்டும் வீழ்த்தியது. மருத்துவர்கள் அவருக்கு விதித்த சிகிச்சை, படுக்கையில் கிடப்பது, பால் குடிப்பது, எழுதாமல் இருப்பது ஆகியவைதான். அந்த மருத்துவத்தின் அதிகாரத்தை 'மிஸஸ் டாலோவே' நாவலில் சர் வில்லியம் பிராட்ஷா என்ற பாத்திரமாக்கி, போரிலிருந்து மனம் சிதைந்து திரும்பிய செப்டிமஸ் என்ற இளைஞனுக்கு எதிரே நிறுத்தினார். நோயுற்றிருப்பதைப் பற்றி 1926இல் தனியே ஒரு கட்டுரையே எழுதினார். காதலும் போரும் பொறாமையும் இலக்கியத்தின் பொருளாகும்போது காய்ச்சலும் தலைவலியும் ஏன் ஆகவில்லை என்பதே அதில் அவர் எழுப்பிய கேள்வி.

ஆகவே நான் நோயை மறைக்க மாட்டேன். அதோடு சேர்த்து உழைப்பையும் எண்ணுவேன். 1922இல் 'ஜேக்கப்ஸ் ரூம்', 1925இல் 'மிஸஸ் டாலோவே', 1927இல் 'டு தி லைட்ஹவுஸ்', 1928இல் 'ஒர்லாண்டோ', 1929இல் 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' (சொந்தமாக ஓர் அறை) என்ற கட்டுரை நூல், 1931இல் 'தி வேவ்ஸ்'. ஒன்பது ஆண்டுகளில் ஆறு நூல்கள். ஒன்றின் வடிவம் அடுத்ததில் திரும்ப வருவதில்லை. நலிந்த ஒருவரின் தற்செயலான மின்னல்கள் என்று இவற்றை எப்படிச் சொல்ல முடியும்? காலையில் எழுத்து, பிற்பகலில் நடை, மாலையில் நாட்குறிப்பு என்று ஒழுங்குபடுத்திக்கொண்ட ஒரு தொழிலாளியின் கணக்கு இது.

கரோல்பாக் பழைய நூலகர் எழுதியது:

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நூலகங்களில் பணிபுரிந்தவன். எனக்கு எப்போதும் முதலில் கண்ணில் படுவது நூலின் தலைப்புப் பக்கத்தில் அடியில் இருக்கும் பதிப்பகத்தின் பெயர்தான்; ஆகையால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1917இல் வர்ஜீனியாவும் அவருடைய கணவர் லெனார்டும் இருபது பவுண்டுக்கும் குறைவான விலையில் ஒரு சிறிய கை அச்சு இயந்திரத்தை வாங்கி, ரிச்மண்டிலிருந்த தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நிறுத்தினார்கள். அந்த வீட்டின் பெயரே பதிப்பகத்தின் பெயராயிற்று: ஹோகார்த் பிரஸ். லெனார்டுக்குப் பிறவியிலிருந்தே கை நடுக்கம் உண்டு. ஆகவே ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் வேலை வர்ஜீனியாவுடையது. முதல் நூல், இருவரும் ஆளுக்கொன்றாக எழுதிய இரண்டு கதைகள். ஏறத்தாழ 150 பிரதிகள். 1923இல் டி. எஸ். எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' நீள்கவிதையைத் தம் கையாலேயே அவர் அச்சுக் கோத்தார். 'ஜேக்கப்ஸ் ரூம்' தொடங்கி அவருடைய நாவல்கள் அனைத்தும் அங்கேயே வெளிவந்தன. தாம் விரும்பியதை எழுதும் சுதந்திரம் பெற்ற ஒரே பெண் இங்கிலாந்தில் தாமே என்று நாட்குறிப்பில் அவர் குறித்தது இந்த அச்சகத்தை எண்ணித்தான். எந்தப் பதிப்பாசிரியரும் 'கதை எங்கே?' என்று கேட்டு அந்தக் கையெழுத்துப் படிகளைத் திருப்பி அனுப்ப இயலவில்லை. சொந்தமாக ஓர் அறை வேண்டும் என்று அவர் எழுதுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே சொந்தமாக ஓர் அச்சகம் அவருக்கு வாய்த்திருந்தது என்பதை நம் இளம் எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டும்.

தில்லியில் இருக்கும் நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. பழைய தில்லியின் வீதிகளையும் மாடங்களையும் 1911 தர்பாரையும் மீர் நிஹால் என்ற முதியவரின் வீழ்ச்சியையும் சொல்லும் அகமது அலியின் 'ட்வைலைட் இன் டெல்லி' 1940இல் வெளிவந்தது இதே ஹோகார்த் பிரஸில்தான். போர்க்காலத்தில் ஆங்கில ஆட்சியைக் குறை கூறும் பகுதிகளை அச்சிட அச்சகத்தார் தயங்கினார்கள். ஆயினும் நூல் வந்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்பே வர்ஜீனியா தம் பங்கை விற்றுவிட்டு விலகியிருந்தார். ஆனால் அவர் தொடங்கிய அந்த மேசையிலிருந்துதான் சாந்தினி சௌக்கை ஒட்டிய கூச்சாக்கள் என்னும் சந்துகள் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

தமிழர்களுக்கும் ஒன்று. லெனார்ட் 1905 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில்தான் தம் அரசுப் பணியைத் தொடங்கினார், ஈராண்டுகளுக்கு மேல் அங்கிருந்தார், தமிழ் படித்தார். பிறகு கண்டி, அம்பாந்தோட்டை. விடுப்பில் ஊர் திரும்பி, 1912 ஆகஸ்டில் வர்ஜீனியாவை மணந்துகொண்டார். அடுத்த ஆண்டு வந்த லெனார்டின் முதல் நாவல் இலங்கைக் கிராமமொன்றைப் பற்றியது. யாழ்ப்பாணத்து வெயிலில் தமிழ் எழுத்துக்கூட்டி வாசித்த ஒரு மனிதர்தான் பிற்பாடு அந்த நாவல்களின் முதல் வாசகராக இருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. வர்ஜீனியாவின் தாய் ஜூலியா பிறந்ததும் கல்கத்தாவில்தான்.

மயூர் விகார் வாசகி எழுதியது:

ஐயா, யாழ்ப்பாணத்துச் செய்தி எனக்குப் புதியது, மிக்க நன்றி. இப்போது எழுத்து முறைக்கு வருவோமா? தமிழில் அவருடைய பெயர் வரும் இடத்திலெல்லாம் 'நனவோடை உத்தி' (மனத்தில் நினைவுகள் ஓடுகிறபடியே எழுதும் முறை) என்ற சொல்லும் உடன் வருகிறது. நகுலனைப் பற்றிப் பேசும்போதும் லா.ச.ரா.வைப் பற்றிப் பேசும்போதும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். அவர்கள் மூவரும் என் காதில் மூன்று விதமாகக் கேட்கிறார்கள். லா.ச.ரா.வில் சொல் மந்திரம்போல் எரிகிறது. நகுலனில் மனம் தன்னைத் தானே சந்தேகிக்கிறது. வுல்ஃபிலோ ஒரு மனம் பக்கத்தில் இருக்கும் இன்னொரு மனத்துக்குள் வாசல் தெரியாமல் நழுவிப் போய்விடுகிறது. இதை ஒரே உத்தி என்று சொல்வது சரிதானா? 'டு தி லைட்ஹவுஸ்' நாவலின் சில பகுதிகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் நம் நண்பர்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ராமகிருஷ்ணபுரம் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அழைத்தமைக்கு நன்றி. நீங்கள் சொன்ன 'வாசல் தெரியாமல் நழுவுதல்' என்பதுதான் என்னை இரண்டு ஆண்டுகளாகத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

முதல் சிக்கல் வாக்கியத்தின் திசை. அவருடைய ஆங்கில வாக்கியம் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, அதன் பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே முன்னே போகும். தமிழில் பெயரெச்சங்கள் பெயருக்கு முன்னால் வந்து நிற்கின்றன. ஒரு பெண்ணைப் பற்றி அவர் ஐந்து செய்திகளைப் பின்னால் சேர்த்தால், நான் அந்த ஐந்தையும் சுமந்துகொண்டு போய்க் கடைசியில்தான் அவளிடம் சேர முடியும். முதல் படியை அப்படித்தான் செய்தேன். அது மூட்டைகள் ஏற்றிய மாட்டுவண்டிபோல் அசைந்தது. பிறகுதான் வினையெச்சத்தின் அருமை எனக்கு விளங்கியது. நினைத்து, நிறுத்தி, ஜன்னல் பக்கம் திரும்பி, காலுறையை மகனின் காலோடு வைத்து அளந்து, மீண்டும் அந்த நினைவுக்கே வந்து என்று தமிழ் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் முற்றுப்பெறாமல் முன்னே நடக்கும். அரைப்புள்ளிகளால் அவர் செய்ததை நம் பாட்டிமார் ஒரே மூச்சில் கதை சொல்லும்போது எச்சங்களாலேயே செய்தார்கள்.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. நாவலின் குடும்பத் தலைவி திருமதி ராம்ஸேயை 'அவள்' என்பதா, 'அவர்' என்பதா? தமிழ் நாவல் வழக்கப்படி கணவரை 'அவர்' என்றும் மனைவியை 'அவள்' என்றும் எழுதினால், மூலத்தில் இல்லாத ஒரு படிநிலையை நானே கட்டிவிடுகிறேன். இருவரையும் 'அவர்' என்றால் கூடத்தில் விருந்தாளிகள் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு விறைப்பு வந்துவிடுகிறது. பல மாதங்கள் தடுமாறிய பிறகு, யாருடைய மனத்துக்குள் கதை இருக்கிறதோ அந்த மனத்தின் மரியாதைச் சொல்லையே எழுதுவது என்று முடிவு செய்தேன். ஓவியர் லில்லி நினைக்கும்போது 'அவர்'. கணவர் நினைக்கும்போது 'அவள்'. சிறுவன் ஜேம்ஸ் நினைக்கும்போது 'அம்மா'. இதனால் ஒரு வாக்கியத்தின் நடுவில் பார்வை மாறுவதைத் தமிழ் வாசகர் விகுதி மாறுவதைக் கொண்டே உணர்ந்துகொள்வார். இழப்பும் உண்டு: யார் நினைக்கிறார்கள் என்று தெரியாத அந்த மூடுபனி தமிழில் சற்று விலகிவிடுகிறது. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் தமிழ் எனக்கு அள்ளிக் கொடுத்தது. நாவலின் நடுப்பகுதியில் பத்து ஆண்டுகள் கழிகின்றன. ஆளில்லாத வீட்டில் காற்றும் தூசியும் உலவுவதைப் பக்கம் பக்கமாகச் சொல்கிறார். நாவலின் உயிராக இருந்த திருமதி ராம்ஸேயின் மரணமோ சதுர அடைப்புக்குறிக்குள் ஒற்றை வாக்கியம். அதிலும் துணை வாக்கியம். இருட்டு விலகாத ஒரு விடியலில் நடைவழியில் தடுமாறி வரும் கணவர் கைகளை நீட்டுகிறார்; முந்தைய இரவு அவள் திடீரென்று இறந்துபோயிருந்ததால், நீட்டிய கைகள் வெறுமையாகவே நிற்கின்றன. 'இறந்துபோயிருந்ததால்' என்ற ஓர் எச்சத்துக்குள் அந்த மரணம் அடங்கிவிடுகிறது. முற்றுவினை அவளுக்குக் கிடைக்கவில்லை; வெறும் கைகளுக்குத்தான் கிடைக்கிறது. இதைத் தமிழில் எழுதிய அன்று நான் அதற்குமேல் வேலை செய்யவில்லை.

தம் தாயைப் பற்றிய நினைவு இந்த நாவலை எழுதிய பிறகு தம்மை விட்டு இறங்கியது என்று அவர் பின்னாளில் எழுதினார். நாவல் வெளிவந்த நாள் 1927 மே 5. தாய் இறந்ததும் ஒரு மே 5 அன்றுதான்.

நனவோடை பற்றி: ஒரே பெயரால் அழைப்பதை நாம் நிறுத்திவிடலாம் என்பதே என் எண்ணம். 'தி வேவ்ஸ்' நாவலில் ஆறு குரல்கள் பேசுகின்றன. அது ஓடையாகவே இல்லை, ஆறு பேரும் கூடிச் செய்யும் பாராயணம்போல் இருக்கிறது. அங்கே வேறொரு முடிச்சு உண்டு. ஆங்கிலத்தில் 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் ஒரே சொல். அந்த ஆறு பேரும் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா, நம்மையும் சேர்த்துப் பேசுகிறார்களா என்பதை அவர் சொல்லாமல் விடலாம்; நான் விட முடியாது.

திரிலோக்புரி ஆசிரியை எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் அனைவருடைய அன்பையும் மதிக்கிறேன். நான் சொல்லப்போவது கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா இருபத்தெட்டு ஆண்டுகள் லோதி காலனியில் அதிகாரிகளின் வீடுகளில் சமையல் செய்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ்ப் பத்திரிகை கிடைத்தால் விளம்பரம் வரை விடாமல் வாசிப்பார். நான் கல்லூரியில் 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' படித்தபோது, பெண்கள் எழுத வேண்டுமானால் ஆண்டுக்கு 500 பவுண்டும் தனி அறையும் வேண்டும் என்ற வாதத்தில் முதலில் மயங்கினேன். பிறகு அந்த 500 பவுண்டு எங்கிருந்து வந்தது என்று திருப்பிப் பார்த்தேன். கதைசொல்லிக்கு அந்தப் பணத்தை விட்டுச் சென்ற அத்தை பம்பாயில் காற்று வாங்கக் குதிரைச் சவாரி போனபோது தவறி விழுந்து இறந்தவர். 'தி வேவ்ஸ்' நாவலில் எல்லோரும் போற்றும் பெர்சிவலும் இந்தியாவுக்கு வந்து, குதிரையிலிருந்து விழுந்துதான் இறக்கிறான். வுல்ஃபின் உலகத்தில் நம் நாடு அவர்கள் வந்து இறந்துபோகும் இடமாகவும், பணம் அனுப்பும் இடமாகவும் இருக்கிறது. மனம் உள்ளவர்கள் வாழும் இடமாக இல்லை.

நெல்லி பாக்ஸால் என்ற சமையற்காரர் 1916 முதல் 1934 வரை அந்த வீட்டில் வேலை செய்தார். அவரைப் பற்றி நாட்குறிப்பில் வுல்ஃப் எழுதிய எரிச்சல் மிகுந்த சொற்களை வாசித்தபோது, என் அம்மாவைப் பற்றி எந்தெந்த வீட்டில் யார் யார் என்னென்ன எழுதி வைத்திருப்பார்களோ என்று எண்ணினேன். அறை இருந்தது, அந்த அறையைத் துடைத்தவர் யார்? அமெரிக்க எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1974இல் இதே வாதத்தை எடுத்துக்கொண்டு, தன் உடலே தனக்குச் சொந்தமாக இல்லாத அடிமைப் பெண் கவிஞர் ஃபிலிஸ் வீட்லியை என்ன செய்வது என்று கேட்டார். தில்லியில் ஆய்வு செய்துவிட்டு மும்பைக்குப் போன நம் எழுத்தாளர் அம்பை, தம் கதைக்கு 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்று தலைப்பிட்டபோது, அறை என்ற பேச்சை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டுமோ அங்கே வைத்தார் என்பது என் கருத்து. அந்த மூலையிலிருந்து பார்த்தால்தான் எனக்கு வுல்ஃபே தெரிகிறார்.

கரோல்பாக் பழைய நூலகர் எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மறுக்க மாட்டேன். இதே தில்லியில் உயர் அதிகாரியின் மனைவியாக வாழ்ந்துகொண்டு 1966இல் 'வாஸவேச்வரம்' என்ற அருமையான நாவலைத் தந்த கிருத்திகாவை நினைத்துக்கொண்டேன். அறை இருந்தவர்கள் எழுதியவை நம்மிடம் இருக்கின்றன.

முனிர்க்கா ஆய்வு மாணவன் எழுதியது:

ஆசிரியை அவர்களிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். நண்பர் சொன்ன அந்த நடுப்பகுதியில், எசமானர்களின் மரணங்கள்தான் அடைப்புக்குறிக்குள் போகின்றன. பிரசவத்தில் மகள் இறப்பதும் போரில் மகன் இறப்பதும் அப்படியே. அடைப்புக்குறிக்கு வெளியே, முழு வெளிச்சத்தில் நிற்பவர் திருமதி மக்நாப் என்ற வேலைக்காரக் கிழவி. அவர் துடைத்துப் பெருக்கியதால்தான் அந்த வீடு இடிந்து விழாமல் தப்பியது. லில்லி திரும்பி வந்து ஓவியத்தை முடித்தது அந்த வீட்டில்தான். வாழ்க்கையில் நெல்லிக்குத் தர முடியாத இடத்தை எழுத்தில் ஒரு வேலைக்காரிக்கு அவர் தர முயன்றார் என்று கொள்ளலாமா?

திரிலோக்புரி ஆசிரியை எழுதியது:

முயன்றார் என்று கொள்ளலாம், தம்பி. ஆனால் அதே பக்கத்தில் அந்தக் கிழவியை அறிவு மங்கியவள் என்றும், அது அவளுக்கே தெரியும் என்றும் எழுதியிருப்பதையும் சேர்த்து வாசியுங்கள். திருமதி ராம்ஸே காலுறை பின்னும்போது மனத்தில் எத்தனை அலைகள்! மக்நாப் தரை துடைக்கும்போது ஒரு பழைய பாட்டும் இரண்டு நினைவுகளும் மட்டும். என் அம்மா அரிசி களையும்போது என்னவெல்லாம் நினைத்தார் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். எந்த நாவலிலும் நான் அவ்வளவு வாசித்ததில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவள் ஆவேன். அந்தக் கட்டுரை நூலின் கடைசிப் பக்கத்தில், ஷேக்ஸ்பியருக்கு ஒரு தங்கை இருந்திருந்தால் என்ற கற்பனைக்குத் திரும்பி வந்து, அவள் உங்களுக்குள்ளும் எனக்குள்ளும் இருக்கிறாள், பாத்திரம் கழுவிக்கொண்டும் குழந்தைகளைத் தூங்கவைத்துக்கொண்டும் இருப்பதால் இன்றிரவு இங்கே வர முடியாத பெண்களுக்குள்ளும் இருக்கிறாள் என்கிறார். அந்த வரியைப் பேருந்தில் வாசித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அத்தனை கோபத்துக்குப் பிறகும் நான் அவரை விடாமல் வாசிப்பது அந்த வரியால்தான்.

ராமகிருஷ்ணபுரம் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அந்தப் பக்கத்தை நேற்று இரவு எடுத்து வைத்துக்கொண்டு தமிழாக்கிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன வரிக்கு அடுத்தாற்போல், இன்னும் ஒரு நூற்றாண்டு வாழ்ந்து, ஆளுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டும் அறையும் பெற்றால் என்று ஒரு நீண்ட வாக்கியம் வருகிறது. அதன் எழுவாயில்தான் எனக்கு 'நாமா, நாங்களா' என்ற அந்தப் பழைய முடிச்சு. அந்நூல், 1928 அக்டோபரில் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் அவர் ஆற்றிய உரைகளிலிருந்து பிறந்தது. அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் தந்ததோ 1948இல்தான். அந்தக் கூடத்தில் இருந்த மாணவிகளை மட்டும் நினைத்தாலும் 'நாம்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அந்த 'நாம்' கூடத்தின் கதவோடு நின்றுவிடக்கூடும் என்ற அச்சம் உங்கள் பதிவை வாசித்த பிறகு எனக்கு வந்தது.

ஆகவே முந்தைய வாக்கியத்தை முற்றுப்பெறவிடாமல், பாத்திரம் கழுவுகிறவர்களையும் அதே வாக்கியத்துக்குள் இழுத்துக்கொண்டு, 'அவர்களும் சேர்ந்த நாம்' என்று எழுதியிருக்கிறேன். மூலத்தில் இல்லாத இரண்டு சொற்களைச் சேர்த்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். எடுத்துவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் வாதாடத் தயாராக இருக்கிறேன்.

மயூர் விகார் வாசகி எழுதியது:

எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து, ஐயா. 'நாம்' என்ற சொல்லை நம்புங்கள். புத்தகத்தைக் கையில் எடுத்த யாரும் அதற்குள் வந்துவிடுவார்கள். அடுத்த கூட்டத்தில் இரண்டு வடிவங்களையும் உரக்க வாசித்துப் பார்ப்போம்.

திரிலோக்புரி ஆசிரியை எழுதியது:

நான், அந்த இரண்டு சொற்களும் சேர்ந்த வடிவத்தின் பக்கம். ஆனால் கூட்டத்துக்கு முன்னால் எனக்கு ஓர் உதவி வேண்டும், ஐயா. அந்தக் கடைசிப் பக்கத்தின் இரண்டு வடிவங்களையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு அனுப்ப இயலுமா? அம்மாவுக்குச் சென்ற மாதம்தான் கண்புரை அறுவை நடந்தது. சிறிய எழுத்தை வாசிக்கச் சிரமப்படுகிறார். எது சரி என்று அவர் என்ன சொல்கிறார் என்பதைக் கேட்டு எழுதுகிறேன்.